பாம்பில்லாத பரமபதம்

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 5 நெருங்கும்போது திருத்தணி பெயர் பேப்பரில் அடிபடும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்த ஊர். அவர் குடியரசுத் தலைவரான 1962-இல் இருந்து அவருடைய பிறந்தநாள்தான் ஆசிரியர் தினம். அதே வாரத்தில் இன்னொரு வகைச் செய்தியும் தவறாமல் வரும். இந்தப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை திறப்பு, அந்தப் பள்ளிக்குத் தொடுதிரை, இன்னொரு பள்ளியில் டேப்லட் வழங்கினார்கள் என்று. போட்டோவில் பெரியவங்க சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க, பிள்ளைங்க திரையைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். திரைகள் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை, சோறு போடுவதே அதுதான். ஆனா வரலாறு நோண்டுகிற பழக்கம் இருப்பதால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. தமிழ்நாட்டு வகுப்பறைகளில் மிக அதிகமான குழந்தைகள் விளையாடிய கல்வி விளையாட்டு எது?

என் கணக்கில், அது கணினியில் ஓடியதே இல்லை. மின்சாரமும் தேவைப்படவில்லை. காகித அட்டை, பிளாஸ்டிக் தட்டு, சுவரில் ஒட்டிய ஓர் ஏணிப் படம், அவ்வளவுதான். 2007-08 கல்வியாண்டில் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளுக்கு அது போனது. அதன் பெயர் செயல்வழிக் கற்றல். ஆசிரியர்கள் சுருக்கமாக 'ஏபிஎல்' என்பார்கள். அதன் மூலம், பழைய வரைபடத்தில் பார்த்தால், திருத்தணி இருந்த அதே மாவட்டத்தில் இருக்கிறது.

பழைய வரைபடம்

திருத்தணி முதலில் வட ஆற்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகர ஜமீன் எல்லைக்குள் இருந்த ஊர். அப்போது வேலூரும் திருத்தணியும் ஒரே மாவட்டம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அங்கே போனது. கடப்பை மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியும் அதே சித்தூரில் சேர்ந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997-க்குப் பிறகு திருவள்ளூர் மாவட்டம்.

ஆக, கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் மதனப்பள்ளியும் திருத்தணியும் ஒரே கலெக்டர் கீழே இருந்தன. அந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவர் தொடங்கிய ரிஷி வேலி பள்ளியும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் கதையின் அட்டைகள் அங்கிருந்துதான் கிளம்பின. ஆனால் அதற்கு முன் விளையாட்டையும் படிப்பையும் சேர்த்த பழைய முயற்சிகள் இரண்டைப் பார்த்துவிடுவோம். பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள அவை இரண்டும் வேண்டும்.

பரமபதமும் சட்டாம்பிள்ளையும்

வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க ஆடுவோமே பரமபதம், அது ஒரு பாடத்திட்டம். ஏணியில் ஏறினால் புண்ணியம், அரக்கர் பெயர் தாங்கிய பாம்பின் வாயில் விழுந்தால் பாவம். மேலே கடைசிக் கட்டம் வைகுண்டம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பாவ புண்ணியக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிற சாதனம். இந்தியாவின் இந்த விளையாட்டுதான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய், பாம்பும் ஏணியுமாக மாறி, பிறகு நமக்கே பெட்டியில் திரும்பி வந்தது.

ஆனா விளையாட்டு வடிவமைப்பாகப் பார்த்தால் பரமபதத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எல்லாத்தையும் தாயக்கட்டை தீர்மானிக்கிறது. ஆடுகிறவனுக்குத் தேர்வு கிடையாது. நீ கெட்டிக்காரனா மக்கா என்பது ஆட்டத்துக்குத் தெரியவே தெரியாது. பாம்பு கொத்தினால் இரவு முழுக்க ஏறியதெல்லாம் போச்சு.

இரண்டாவது, திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுதுவது, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று மனப்பாடமாகச் சொல்வது, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். நம்ம இல்லத்திலும் இதைச் செய்யலாமே என்று அவர் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனையே மற்றவர்களுக்கு ஆசிரியராக உட்கார வைத்தார். அது வேலை செய்தது. 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1830களில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் உருவான பள்ளிக்கு இன்றும் பெயர் மெட்ராஸ் காலேஜ்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. மெட்ராஸ் முறை அங்கே பரவியதற்கு முக்கியக் காரணம், அது மலிவு. ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். பிள்ளை பிள்ளைக்குச் சொல்லித்தருகிற அழகான காரியம், ஆலைத் தொழிற்கால இங்கிலாந்தில் வரிசையாக நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்லும் இயந்திரமாக ஆகிவிட்டது. நல்ல முறையை எந்தக் காரணத்துக்காக வாங்குகிறோமோ, கடைசியில் கையில் மிஞ்சுவது அந்தக் காரணம் மட்டும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெட்டிக்குள் ஒரு பள்ளி

ரிஷி வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வசதி படைத்த பிள்ளைகள் இல்லை. ஓராசிரியர் பள்ளிதான் சாத்தியம். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். ஆடு மேய்க்கப் போகிறவன், அறுவடைக்குப் போகிறவள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறவள் என்று வருகையும் ஒழுங்காக இருக்காது. இந்த நிலைமைக்காக பத்மநாப ராவும் அவர் மனைவி ரமாவும் 1980களின் பிற்பகுதியில் இருந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடப்புத்தகத்தை உடைத்துச் சின்னச் சின்ன அட்டைகளாக ஆக்கினார்கள். எல்லா அட்டைகளும் ஒரு பெட்டிக்குள் அடங்கும். அதனால் 'பெட்டிக்குள் பள்ளி' என்றே அதற்குப் பெயர் வந்தது.

குழந்தை தானே எடுத்துச் செய்து, சரியா தப்பா என்று தானே கண்டுபிடிக்கும் பொருள்கள் என்ற யோசனைக்கு நம் பக்கத்தில் முன்பே ஒரு வேர் உண்டு. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. ஆனால் மாண்டிசோரி பொருள்கள் விலை அதிகம். பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே அவை கிடைத்தன. ரிஷி வேலிக்காரர்கள் அந்தச் சிந்தனையை அச்சடித்த அட்டை விலைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பெட்டி எல்லை தாண்டியது வேலூர் வழியாக. எம்.பி. விஜயகுமார் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமைகளாக வேலை செய்த குழந்தைகளை மீட்டுப் பள்ளியில் சேர்க்கும் பணி நடந்தது. இங்கேதான் நிஜமான சிக்கல். பீடி சுற்றிக்கொண்டிருந்த பதினொரு வயதுப் பெண்ணை எந்த வகுப்பில் உட்கார வைப்பீர்கள்? ஐந்தாம் வகுப்பில் போட்டால் ஒன்றும் புரியாது. ஒன்றாம் வகுப்பில் போட்டால் வெட்கத்திலேயே ஓடிவிடும். வகுப்பு என்ற ஏற்பாடே அவளுக்கு எதிரி. வகுப்பு எண்ணைக் கேட்காத, 'நீ எங்கே நிற்கிறாய்' என்று மட்டும் கேட்கிற ஒரு முறை தேவைப்பட்டது. ரிஷி வேலி அட்டைகள் அதற்குப் பொருந்தின.

பிறகு விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையரானார். 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் சோதனை. அதற்கு முன் ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பினார்கள். அட்டைகளைத் தமிழ்நாட்டுப் பாடத்துக்கு ஏற்ப மாற்றி எழுதியவர்களும் ஆசிரியர்களே. 2004-இல் மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் அது விரிந்தது. அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபின் மாநிலம் முழுக்கப் போனது.

வகுப்பறைக்குள்ளே

ஒரு ஏபிஎல் வகுப்பறை எப்படி இருக்கும்? பெஞ்சு கிடையாது, பாய் விரித்திருக்கும். ஆசிரியரும் தரையில்தான் உட்காருவார். சுவரின் கீழ்ப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை சுற்றி ஓடும். தலைக்கு மேலே 'கம்பிப் பந்தல்'. பிள்ளைகள் வரைந்ததை அதில் தொங்கவிடுவார்கள். வருகைப் பதிவை அவர்களே போடுவார்கள். நகம் வெட்டினேனா, பல் தேய்த்தேனா என்று பார்க்க ஆரோக்கியச் சக்கரம் ஒன்று இருக்கும்.

சுவரில் பாடத்துக்கு ஓர் ஏணி. ஒவ்வொரு படியும் ஒரு சின்னத் திறன். படிக்குள்ளே வரிசையாக அட்டைகள்: அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு. அட்டை மூலையில் ஒரு சின்னப் படம் இருக்கும். அதே படம் ஒட்டிய தட்டில் அந்த அட்டை கிடைக்கும். எழுத்துத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஏணியில் தன் படத்தைப் பார்த்து, தட்டைத் தேடி, அட்டையை எடுத்துவிடும். எந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும் என்பதையும் அந்த அட்டையே சொல்லும். ஆசிரியரின் முழு உதவியோடு, பாதி உதவியோடு, சக பிள்ளையின் முழு உதவியோடு, பாதி உதவியோடு, தனியாக, மதிப்பீடு என்று ஆறு குழுக்கள். திண்ணையின் சட்டாம்பிள்ளை இங்கே திரும்பி வந்திருக்கிறார், பிரம்பு இல்லாமல். ஒரே பிள்ளைக்கு அந்தப் பதவி நிரந்தரமும் கிடையாது. கணக்கில் முன்னால் நிற்கிறவன் தமிழில் இன்னொருத்தியிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என் தொழில் பாஷையில் சொன்னா, இது ஒரு சுத்தமான நிலைப்பொறி. எல்லா நிலைகளும் சுவரில் வெளிப்படையாக இருக்கின்றன. அடுத்த நிலைக்குப் போகும் நிபந்தனை தெளிவு. மதிப்பீட்டில் தேறவில்லை என்றால் குறைதீர்க்கும் அட்டை, பிறகு மறுபடி முயற்சி. எந்தப் படியிலும் பாம்பு இல்லை. கீழே விழுவது என்ற பேச்சே கிடையாது. எல்லாத்தையும் விட முக்கியமானது, விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி. கணினி விளையாட்டு ஆடுகிற எந்தப் பிள்ளைக்கும் இதன் அருமை தெரியும்.

திருத்தணிப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ஊரை நிறைக்கும்போது கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் நெசவு வீடுகளில் வேலை நெருக்கினால் பிள்ளையின் கையும் தேவைப்படும். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று இரண்டு மொழிக்கு நடுவே நிற்கிற குழந்தைகள் எல்லை முழுக்க உண்டு. சாதாரண வகுப்பில் பத்து நாள் விட்டால் பத்துப் பாடம் போச்சு. அது அப்படியே கூடிக்கொண்டே போய், ஐந்தாம் வகுப்பில் 'ஒண்ணுமே தெரியல' என்று முடியும். ஏணியில், திரும்பி வந்த பிள்ளை தான் விட்ட படியில் ஏறி நிற்கும். மலைக்கோயிலின் 365 படிகளுக்கும் டிசம்பர் 31 அன்று ஒவ்வொன்றாகப் பூஜை செய்து ஏறுகிற படித்திருவிழா இந்த ஊருக்குத் தெரிந்ததுதான். எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது, எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கினாலும் குற்றமில்லை.

திரையின் தனிக்கதை

இதற்கு இணையாக இன்னொரு கோடு ஓடியது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் அதில் உண்டு. ஆந்திரம் அந்த ஆறில் ஒன்று, தமிழ்நாடு இல்லை. 1984-85-இல் கிளாஸ் என்ற மத்திய அரசுத் திட்டம், பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகளைச் சுமார் 250 பள்ளிகளில் இறக்கியது. 2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து எஜுசாட் போனது. 2011-இல் தமிழ்நாட்டில் மேல்நிலை மாணவர்களுக்கு இலவச லேப்டாப். 2018-இன் புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் குறியீடு. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி. அதன் பிறகு ஹைடெக் லேப், டேப்லட், ஸ்மார்ட் வகுப்பறை.

இவற்றில் பல நல்ல காரியங்கள். அந்த லேப்டாப்பில் முதல் நிரல் எழுதிப் பழகியவர்கள் இன்று என் துறையிலேயே இருக்கிறார்கள். ஆனா தொடக்கப்பள்ளிக்கு வந்த திரைகளில் பெரும்பாலானவை ஒரே திசையில் பேசுபவை. அடுத்த காய் நகர்த்துவது நிகழ்ச்சி தயாரித்தவர், அல்லது ரிமோட் வைத்திருக்கும் ஆசிரியர். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு தொடுதிரை என்றால் ஒரு பிள்ளை தொடும், முப்பத்தொன்பது பார்க்கும். அதைக் கரும்பலகையை விட ஊடாடும் கருவி என்று எந்தக் கணக்கில் சொல்வது? தரையோரக் கரும்பலகையில் நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுதலாமே.

அப்படியானால் ஏணி ஜெயித்ததா?

இல்லை, அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஓர் அட்டை காணாமல் போனால் அந்தப் படியே அறுந்துபோகும். நோட்டில் ஒண்ணும் எழுதலியே, வீட்டுப்பாடம் இல்லியே என்று பெற்றோர் கேட்டார்கள். தாங்கள் பேசிப் பாடம் நடத்துவதற்கே இடமில்லை என்று சில ஆசிரியர்களுக்கு வருத்தம். 13 பள்ளிகளில் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் செய்தது, 37,000 பள்ளிகளில் மேலிடத்து உத்தரவாக வந்தபோது, அட்டையை எடு, முடி, டிக் அடி என்று இயந்திரமான இடங்களும் உண்டு. ஒரு கதையைச் சேர்ந்து வாசித்து, சிரித்து, சண்டை போடுகிற அனுபவம் துண்டு துண்டு அட்டைகளில் வருவதில்லை. அந்த ஆண்டுகளின் ஏசர் அறிக்கைகளில் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பு நிலை, அகில இந்தியச் சராசரிக்கும் கீழேதான் இருந்தது. சமச்சீர் கல்வியும் 2012-13-இல் முப்பருவ முறையும் வந்தபிறகு ஏணியையும் புத்தகத்தையும் ஒன்றாகச் சுமக்க வேண்டியதாயிற்று.

பெல்லின் கதையை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். கொத்தடிமையில் இருந்து மீண்ட பிள்ளைக்காக வந்த முறை, பரப்பப்பட்டபோது, இத்தனை பள்ளி, இத்தனை அட்டை என்று எண்ணிக்கையாகிவிட்டது. அட்டையைப் பெட்டியில் போட்டு அனுப்பலாம். தரையில் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எங்கே திணறுகிறது என்று பார்க்கிற கண்ணை அனுப்ப முடியாது.

ஆனாலும் அந்த யோசனை சாகவில்லை. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் வெவ்வேறு நிலைகளில் திரும்பி வந்தபோது, அதே பழைய கேள்வி மறுபடி வந்தது: வகுப்பு எண்ணை நம்பாதே, பிள்ளை எங்கே நிற்கிறது? 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்து, பாட்டு, ஆட்டம், பொம்மலாட்டம் என்று நடத்தும் முறை. ஏணி போய்ப் பூ வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் கேள்வி வேலூரில் கேட்ட அதே கேள்வி.

அதனால் இனி ஏதாவது பள்ளியில் புதுக் கருவி திறப்பு விழா என்று படித்தால் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். அடுத்த காயை நகர்த்துவது யார், பிள்ளையா கருவியா? பத்து நாள் கழித்து வரும் பிள்ளை எங்கிருந்து தொடங்கும்? பிள்ளைகள் அதில் மூழ்கியிருக்கும்போது ஆசிரியருக்குக் கிடைக்கிற நேரம், திணறுகிற பிள்ளைக்குப் போகிறதா, பதிவேட்டை நிரப்பப் போகிறதா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அது திரையாக இருந்தால் என்ன, அட்டையாக இருந்தால் என்ன.

2007-08-இல் ஒன்றாம் வகுப்பில் ஏணி ஏறியவர்களுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல் ஆகிறது. உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ அரசுப் பள்ளியில் படித்த அந்த வயதுக்காரர் யாராவது இருந்தால், உன் அட்டையில் என்ன படம் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பழைய அட்டைக் கட்டு எந்தப் பள்ளிப் பரணிலாவது கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எண்சுவடிக்கு நாம் கொடுக்கும் மரியாதை அதற்கும் சேர வேண்டியது.